ட்ரெட்மில்லில் சொல்லாமல் விட்டது

நடப்பதற்காக நான் காசு கொடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மற்றபடி நடை எனக்கு இலவசமாகவே வந்தது. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், லயத்து வீடு ஒன்றில் பிறந்தவன் நான். பள்ளிக்கூடத்துக்கு மலை இறங்கிப் போய், திரும்ப மலை ஏறி வர வேண்டும். ஏழாம் வகுப்பு வரை அப்படி ஏறி இறங்கினேன். ஒருநாள் இறங்கியவன் பிறகு ஏறவில்லை. லாரியில் கிளீனர், சூரத்தில் சாயப்பட்டறை, நாக்பூரில் இட்லிக்கடை, கோவாவில் கட்டட வேலை என்று எங்கெங்கோ கிடந்தேன். ஓர் ஊரின் பஸ் நம்பர்கள் மனப்பாடமாகிவிட்டால் அந்த ஊர் எனக்குத் தீர்ந்துபோகும். மறுவாரம் வேறு ஊரில் இருப்பேன்.

திருவனந்தபுரத்தில் நிலைத்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. வாடகை வீடு ஒன்று உண்டு, மனைவி உண்டு. ஆனால் வருஷத்தில் பாதியை வெளியூரில்தான் கழித்தேன். அதற்குக் காரணம் ஸ்ரீவராகத்துச் சாமி. அக்கிரகாரத் தெருவில் தன் வீட்டு முன்னறையையே ஆபீசாக வைத்து, வயதானவர்களைக் காசி, கயை, பத்ரி என்று யாத்திரை கூட்டிப்போகிறவர் அவர். எல்லோரும் மாமா என்பார்கள், நான் சாமி என்பேன். அவருடைய யாத்திரைகளில் அடுப்பில் கரண்டி பிடிப்பவர் சாமியின் சாதி ஆளாக இருப்பார். அடுப்பைத் தூக்குகிறவன் நான். அண்டா, அரிசி மூட்டை, தண்ணீர், யாத்ரீகர்களின் பெட்டி, முட்டுவலிக்காரர்களின் கைத்தாங்கல் எல்லாம் என் பொறுப்பு. எனக்கு அது பிடித்த வேலை. ஊர் ஊராகப் போகலாம், எந்த ஊரிலும் தங்க வேண்டியதில்லை, சாப்பாடும் நல்லதாகக் கிடைக்கும்.

போன வருஷம் வடக்கே மலைப்பாதையில் ஒரு சத்திரத்து முற்றத்தில் எங்கள் சமையல்காரர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். துருவியிலிருந்து காலைக்கூட எடுக்கவில்லை. என் வயதுதான் இருக்கும். பந்தியில் இலை போட்டாகிவிட்டது, யாத்ரீகர்கள் கை கழுவி உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர்கள் வாழைப்பழமும் பிஸ்கட்டும் தின்றார்கள். உடலை மலையிலிருந்து இறக்க வண்டி கிடைக்காமல், கடைசியில் காய்கறி ஏற்றும் ஜீப்பில் வைத்து இறக்கினோம். தலைப்பக்கம் சாமி, கால்பக்கம் நான். வளைவுகளில் அந்தக் கால்கள் வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு சாமி ஒரு சட்டம் போட்டார். ஐம்பது தாண்டிய வேலையாள் யாராக இருந்தாலும் நெஞ்சு டெஸ்ட் எடுத்துக் காகிதம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ரயில் ஏற முடியாது.

"ஓய், நீர் மாடு மாதிரி இருக்கீர், எனக்குத் தெரியும். ஆனாலும் காகிதம் வேணும் கேட்டீரா. போன தடவை சமையல்காரன் பொம்மனாட்டிக்கு நானாக்கும் ஃபோன் பண்ணினது. இன்னொருக்க என்னால பண்ண முடியாது."

அந்தத் தடவை யாத்திரை பத்ரிக்கு. நான் கட்டாயம் போக வேண்டும் என்று இருந்தேன். மழைக்காலத்தை முழுதாக ஒரே வீட்டில் கழித்து, கூரையில் எந்த ஓடு ஒழுகும் என்பது வரை தெரிந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நெஞ்சு மயிரை அங்கங்கே வழித்து வட்டவட்டமாக ஒட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வயர். டெஸ்ட் எடுக்கிற பெண் என் மகள் வயதிருப்பாள், எனக்கு மகள் இருந்திருந்தால். கையில் பேனாவும் அட்டையுமாக நின்றாள். ட்ரெட்மில்லில் ஏறி நின்றதும் மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் கோயில் பிரகாரத்தில் நடப்பதுபோலத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வேகமும் கூடும், முன்பக்கமும் உயரும்.

"சேட்டா, இனி கேற்றம் கூடும். பயம் வேண்டா. நெஞ்சில் வேதன உண்டோ?"

"இல்ல மோளே."

"ஸ்வாசம் முட்டுண்டோ?"

"இல்ல."

எதிர்ச் சுவரில் மருந்துக் கம்பெனிக் காலண்டர் தொங்கியது. இவ்வளவு நடந்தும் அது பக்கத்தில் வரவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மலை என்றால் ஏறினதற்கு ஏதாவது காட்டும். ஒரு திருப்பமாவது ஒரு டீக்கடையாவது வரும். இங்கே ஏற்றம் மட்டும் தந்து மலையை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது தடவை முன்பக்கம் உயர்ந்தபோது அது வந்தது. நெஞ்சுக்கு நடுவில் ஒரு பிடிப்பு. நனைந்த சாக்கை மடித்து நெஞ்சில் வைத்துக் கயிற்றால் இறுக்கியது போல. அது தோளுக்குப் போகவில்லை. மேலே ஏறி இடது தாடையில் வந்து நின்றது. பல்வலி மாதிரி.

"சேட்டா, வேதன எந்தெங்கிலும்?"

"இல்ல."

"உண்டெங்கில் பறயணம், கேட்டோ. மறைக்கக் கூடாது."

"ஒண்ணும் இல்ல மோளே. நல்லா இருக்கேன்."

நான் திட்டம் போட்டு மறைத்தேன் என்று சொல்ல வரவில்லை. அவள் கேட்டாள், வாய் இல்லை என்றது. அவ்வளவுதான். விடிகாலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் எத்தனையோ முக்குகளில் நின்றிருக்கிறேன். மேஸ்திரி ஒவ்வொருத்தன் முகமாகப் பார்த்துக்கொண்டு வருவான். அந்த நேரத்தில் இருமலை விழுங்கத் தெரியாதவன் வந்த வழியே திரும்புவான். கையில் பேனாவோடு ஒருவர் எதிரே நின்று முடியுமா என்றால் முடியும், வலிக்கிறதா என்றால் இல்லை. இது எனக்கு யோசித்துச் சொல்கிற பதிலே அல்ல.

மெஷின் நின்றபிறகு ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். பிடிப்பு மெல்ல மெல்ல விட்டது. அப்போதும் வயர்கள் போய்ச் சேர்ந்த பெட்டி காகிதத்தைத் துப்பிக்கொண்டே இருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். இளவயதுப் பெண். மதுரையில் படித்ததாகச் சொன்னார். அவருடைய தமிழ் மலையாளத்துக்கு மேலே சட்டை போட்டது போல இருந்தது.

"நல்லா நடந்திருக்கீங்க. பெரிய குழப்பம் ஒண்ணும் இல்ல. நின்ன பிறகு இங்க ஒரு சின்ன சம்சயம். வேதன ஒண்ணும் வரலதானே?"

"இல்ல டாக்டர்."

"அப்போ சாரமில்ல, பயப்பட வேண்டாம். கொஞ்சம் மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டுங்க."

காகிதத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். பழவங்காடி வரை நடந்தே வந்தேன். சமதரையில் ஒன்றும் செய்யவில்லை.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். ஸ்டேஷன் பலகைகளையும் லாரி நம்பர் பலகைகளையும் பார்த்துக் கற்றுக்கொண்டது. கோட்டைக்குள் குளக்கரையில் நின்று காகிதத்தை வெளியே எடுத்தேன். பெட்டி பெட்டியாகக் கட்டம், கட்டத்துக்குள் ஒரே மாதிரிக் குன்றுகள் வரிசையாகப் போயின. கீழே சில வரிகள். எழுத்துக்கூட்டிப் படித்ததில் ஒரு வரி நன்றாகவே புரிந்தது. நோ செஸ்ட் பெயின். மற்றதெல்லாம் மெஷின் எழுதியது, இந்த வரியை எழுதியது நான். கடைசியில் ஒரு வரி பிடிபடவில்லை. கிளினிக்கல் என்ற சொல் இருந்தது, அதை அடுத்து நீளமாக ஒரு சொல்.

சாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"பேஷாக்கும் ஓய். நெஞ்சு வேதனை இல்லேன்னு எழுதியிருக்கான். நீர் இனி தைரியமா வரலாம்."

"கடைசில என்னமோ எழுதியிருக்கே சாமி?"

"கிளினிக்கல் கோரிலேஷன். அது எல்லாருக்கும் எழுதறதாக்கும். கல்யாணப் பத்திரிகையில சுற்றமும் நட்பும்னு போடறா இல்லையா, அது மாதிரி. நீர் போய் அண்டாவெல்லாம் இறக்கி ஈயம் பூசக் குடும்."

இதற்குள் என் மனைவிக்குச் செய்தி போய்விட்டது. அவள் பழவங்காடியில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறாள். மார்த்தாண்டத்துக்காரி. நான் டெஸ்டுக்குப் போன காலையிலேயே பக்கத்துக் கோயில் கணபதிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். ரிசல்ட் நல்லதாக வந்தால் தேங்காய் உடைப்பதாக. அந்தக் கோயிலில் அப்படித்தான். பரீட்சை, விசா, வழக்கு, பிரசவம் எதற்கும் தேங்காய்தான். காலையிலிருந்து ராத்திரி வரை கல்லில் காய் உடைகிற சத்தம் ஓயாது. அவள் வேலை செய்கிற இடத்தில் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பேசிப் பழகியிருக்கிறார்கள். அதனால் வீட்டிலும் கொஞ்சம் உரக்கவே பேசுவாள்.

அன்று சாயங்காலமே ஒரு கூடைத் தேங்காயோடு நின்றாள். நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ரிப்போட்ட அவருக்குக் காட்டுங்க."

"யாருக்கு?"

"புள்ளையாருக்குத்தான். பின்ன யாருக்கு, தேங்காக் கடைக்காரருக்கா?"

ஒவ்வொரு காயாக எடுத்து, தலைக்கு மேல் தூக்கி, முழு உடம்பையும் சேர்த்து எறிந்தாள். தேங்காய்க் கடைக்காரர் அவளுக்குத் தினமும் தெரிந்தவர்.

"சேச்சி, பதுக்கே எறி. கல்லு உடஞ்சு போகும்."

"போனா நாளைக்கு உங்க கடைக்கு லீவு. ஒருநாளாவது வீட்டுல இருக்கலாமே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தேங்காய்த் தண்ணீர் தெறித்து என் காலில் விழுந்தது. கடைசிக் காயை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. கை வலிக்கிறது என்றேன். அன்று எனக்கு வலிக்காத ஒரே இடம் கைதான்.

கிளம்ப ஒரு வாரம் இருந்தது. அதில் முதல் இரண்டு மூன்று நாள் நான் ஓரிடத்தில் இல்லை. எப்போதும் யாத்திரைக்கு முன்னால் கால் பரபரக்கும், அது சந்தோஷம். இது வேறு. சாலைக் கடைத்தெருவில் மிளகும் பெருங்காயமும் வாங்கப் போனவன் வாங்காமலே கரமனை வரை நடந்து போய்விட்டுத் திரும்பினேன். டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வீட்டில் உறை அலமாரிக்கு மேல் இருந்தது, அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிறகு திரும்ப அலமாரிக்கு மேலேயே வைத்தேன். காகிதத்தில் என் நெஞ்சு நன்றாக இருந்தது, நெஞ்சில் அப்படி இல்லை. இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. மெஷினுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று ஒரு சமயம் தோன்றும். மெஷினிடம் பொய் சொன்னவனே நான்தானே என்று அடுத்த நிமிஷம் தோன்றும்.

சாமி வீட்டுப் பின்கட்டில் மச்சில்தான் யாத்திரைச் சாமான்கள் கிடக்கும். மர ஏணி வழியாக ஏறி இறக்க வேண்டும். முதல் அண்டாவை இறக்கியபோது ஒன்றும் இல்லை. இரண்டாவது பெரியது. அதைத் தோளில் சாய்த்து ஏணியில் பாதி வந்தபோது, நனைந்த சாக்கு திரும்ப நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. தாடையில் அதே பல்வலி. எப்படியோ இறங்கி, அண்டாவைத் தரையில் வைத்து, பக்கத்திலிருந்த சாக்கு மூட்டையில் உட்கார்ந்தேன். மூட்டைக்குள்ளிருந்து ஏதோ குத்தியது. அவிழ்த்துப் பார்த்தால் தேங்காய்த் துருவி. போன வருஷத்துச் சமையல்காரருடையது. வேறு துருவி அவருக்குக் கை வராது, எங்கே போனாலும் அதைத்தான் கொண்டுவருவார். யாரும் வந்து கேட்காததால் அங்கேயே கிடந்திருக்கிறது.

அவர் விழுவதற்கு முந்தின நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டே வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். பல்லு, ஊருக்குப் போய்ப் பிடுங்கணும் என்றார். இதை நான் ஒரு வருஷமாக நினைக்கவே இல்லை. அந்த மூட்டையில் உட்கார்ந்திருந்தபோது நினைவு வந்தது. எழுந்துவிட்டேன்.

வேலை முடிகிற நேரத்துக்குப் பூக்கடைக்குப் போனேன். அவள் விரலில் நார் சுற்றியிருந்தது.

"என்ன, இந்நேரத்துல? சாமி வெரட்டியிருச்சா?"

"அண்டா எறக்கும்போது நெஞ்சுல பிடிச்சுது."

நாரை அறுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"அந்த மெஷின்ல நடந்தப்பவும் வந்துச்சு."

"எப்பம்?"

"நடந்துட்டு இருக்கையிலதான்."

"அப்பம் ரிப்போட்டுல இல்லண்ணு போட்டிருக்கு?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு. இல்லைன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"கேட்டா இல்லைன்னுதான வருது."

"யாரு கேட்டாலுமா? நான் கேட்டாலும் அப்பிடித்தானா?"

"நீ கேக்கலியே."

"அண்ணைக்கு கை வலிக்குண்ணு சொன்னப்பம் கேட்டேன் இல்லியா, தைலம் போடட்டாண்ணு? கைல ஒண்ணும் இல்ல, அப்பிடித்தான?"

அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"ஊரெல்லாம் சுத்தினியளே, ஒரு ஊருலயும் வாயத் தொறக்கப் படிக்கலியா? நான் அவ்வளவு தேங்காயும் சும்மாவா எறிஞ்சேன்? தோளு இப்பமும் கடுக்கி."

"அதான். உடைச்சது என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. அட்வான்ஸா இருக்கட்டு. புள்ளையாருக்கு ஒங்களப் பத்தித் தெரியாதாக்கும்? நாளைக்கு ஆஸ்பத்திரி. நானும் வாறேன். நீங்க தனியாப் போனா அங்கயும் நல்லா இருக்கேண்ணு சொல்லிட்டு வருவிய."

டாக்டரிடம் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நானும் கேட்டேன் இல்லையா? அந்தக் குட்டியும் எத்ர தடவ கேட்டா?"

"கேட்டாங்க டாக்டர்."

"பின்ன எந்துக்கு மறைச்சீங்க?"

"சொன்னா டெஸ்ட நிறுத்திடுவீங்கன்னு நினைச்சேன்."

"நிறுத்தத்தான் செய்வோம். அதுக்குத்தானே கேக்கறது!"

உறையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். நான் சொன்னால் நம்புவார்களா என்று தெரியாது, அந்தக் காகிதத்தை அவர் எனக்குப் படித்துக்காட்டினார். விரலால் ஒவ்வொரு குன்றாகத் தொட்டு.

"இது நடக்கறதுக்கு முன்னாடி. இது ஏற்றத்தில நடக்கும்போ. இது நின்ன பிறகு. இந்த முனை கழிஞ்சா கோடு இங்க சமதரைக்கு வரணும். உங்களோடது கொஞ்சம் தாழ்ந்து போகுது, பாருங்க. நிறைய இல்ல. சம்சயம்னு சொல்ற அளவு."

"அப்ப நல்லதா, கெட்டதா டாக்டர்?"

"ரெண்டும் சொல்ல முடியாது. இது பத்தாம் கிளாஸ் ரிசல்ட் இல்ல, பாஸா ஃபெயிலான்னு பாக்கறதுக்கு."

"நான் அதுவரைக்கும் போகல டாக்டர்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மனைவிக்கு வரவில்லை.

"நல்லா வந்தாலும் அடைப்பே இல்லைன்னு சத்தியம் பண்ண முடியாது. மோசமா வந்தாலும் உண்டுன்னு சத்தியம் இல்ல. இதுல நாலஞ்சு காரியம் சேர்த்துப் பாக்கணும். எவ்வளவு நேரம் நடந்தீங்க, அது நல்லா இருக்கு. பிரஷர் எப்படி ஏறிச்சு, அதும் சரி. கோடு, அதில சம்சயம். பின்ன, நீங்க என்ன சொன்னீங்கன்னு. அத மட்டும் மெஷின் பாக்காது. வேதனை இல்லாத ஆளுக்கு இந்தத் தாழ்ச்சி ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். ஏற்றத்தில வேதனை வந்து, நின்னா போற ஆளுக்கு இதே தாழ்ச்சி வேற கதை. காகிதம் அதேதான். ஆள் மாறிட்டார்."

நான் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"இது என்ன டாக்டர்? எல்லாருக்கும் எழுதுறதுன்னு சொன்னாங்க."

"எல்லாருக்கும் எழுதறதுதான். காகிதத்தையும் ஆளையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னு அர்த்தம். இப்போ பாக்கலாம். சொல்லுங்க. எங்க பிடிச்சது?"

வலியைச் சொல்ல எனக்கு வார்த்தை குறைவு. அதுவரை யாரிடமும் சொல்லிப் பழகியதில்லை. காலில் ஆணி ஏறியபோது, சாயப்பட்டறையில் கை வெந்தபோது எல்லாம் காட்டினால் போதும், பார்க்கிறவர்களுக்கே தெரியும். இது காட்ட முடியாத இடத்தில் இருந்தது. நனைந்த சாக்கு என்றேன். எழுதிக்கொண்டார். தாடை என்றேன். பேனாவை நிறுத்தி, எந்தப் பக்கம் என்று கேட்டு, அதையும் எழுதினார். எவ்வளவு நேரம், என்ன செய்தால் வருகிறது, என்ன செய்தால் போகிறது, சாப்பிட்ட பிறகு ஏறினால் கூடுதலா, சும்மா இருக்கும்போது வந்ததா. கேட்கக் கேட்கத்தான் எனக்கே தெரிந்தது, இது மெஷினில் ஆரம்பித்ததல்ல. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே, வீட்டுக்குப் போகும் மேட்டில் நடுவில் நின்று பீடி பற்றவைக்கிற பழக்கம் வந்திருந்தது. பீடிக்காக நிற்கிறேன் என்றே நானும் நினைத்திருந்தேன்.

பழைய வரியைக் கோடு போட்டு அடித்து, மேலே புதிதாக எழுதினார். ஆஞ்சியோகிராம் பார்க்க வேண்டும் என்றார். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் விட்டு, நெஞ்சுக் குழாய்களில் எங்கே சுருக்கம் என்று பார்ப்பார்களாம். அதற்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

"இந்த நாளுக்கு நான் பத்ரியில இருக்கணும் டாக்டர்."

"எங்க?"

"பத்ரி. யாத்திரை. சாமான் தூக்குற வேலை."

"ஏணியில வர்ற வேதனை, அவ்வளவு உயரத்தில, காத்துக் குறைஞ்ச இடத்தில, மூட்டை தூக்கினா வராதா?"

நான் தரையைப் பார்த்தேன். அங்கே ஒரு ஜீப்பும் இரண்டு கால்களும் தெரிந்தன.

"வரும்" என்றேன்.

தினமும் சாப்பிட மாத்திரை எழுதினார். நாக்குக்கு அடியில் வைக்க ஒரு குட்டி மாத்திரை தந்தார். வலி வந்தால் உடனே நில், உட்கார், இதை வை, விடாவிட்டால் நேரே இங்கே வா, சும்மா இருக்கும்போது வந்தாலும் வா. பீடி கூடாது, பாரம் தூக்கக் கூடாது. இதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

தாடை வரை ஏறிய வலியையும் டாக்டர் சொன்னதையும் கேட்டதும் சாமிக்குக் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்.

"ரயிலுக்கு நாலு நாள்கூட இல்லை ஓய்! நான் இனி எங்க போய் ஆள் பிடிப்பேன்? காகிதத்துல எல்லாம் சரியா இருந்துதே?"

"நான் தப்பாச் சொன்னதத்தான் எழுதிருந்தாங்க சாமி. இப்ப சரியாச் சொல்லிட்டேன்."

"சொல்றதுக்குக் கண்டுபிடிச்ச நேரம்!" என்று உள்ளே போனார். போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அது சரி, நீர் தாடைன்னீரே. ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?"

"ஒரு பக்கம் சாமி. இடது."

"படி ஏறும்போ மட்டுமோ?"

"ஆமா. யாருக்கு சாமி?"

"எதிராத்து மாமிக்கு அப்படி ஒண்ணு இருக்காம். சும்மா கேட்டேன்."

கேட்டுக்கொண்டே இடது தாடையைத் தடவினார்.

"அந்த மாமிய நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். "ஃபோன் பண்ற வேலை இந்தத் தடவை எனக்கு வந்துரப் போவுது."

சாமி என்னை முறைத்தார். தாடையிலிருந்த கையை எடுத்துவிட்டார்.

வழியனுப்பத் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை, போகாமலும் இருக்க முடியவில்லை. சாமிக்குப் பதில் அவருடைய மாப்பிள்ளை கூட்டத்தைக் கூட்டிப்போகிறார் என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. சாமி பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மாமிக்கு நாளைக்கு டெஸ்டாக்கும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

என் இடத்துக்கு வந்தவன் தென்காசிப் பக்கத்தான். இங்கே ஒரு ஹோட்டலில் மூட்டை தூக்குகிறவன். அண்டாவைப் பெட்டிக்குள் ஏற்றத் தெரியாமல் கதவில் இடித்துக்கொண்டிருந்தான். கை துறுதுறுத்தது. என் மனைவி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், சந்தையில் ஆட்டைப் பிடிப்பதுபோல. நின்ற இடத்திலிருந்தே, சாய்த்து ஏத்து, வாய்ப்பக்கம் முதல்ல என்று கத்தினேன். மேலே போனால் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது என்றும், தண்ணீர்க் கேனைப் பாட்டிமார்களுக்கு எட்டுகிற பக்கம் வை என்றும் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் முடியும் அண்ணே, முடியும் அண்ணே என்றான். அவன் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். அவனுக்கு நாற்பதுகூட இருக்காது.

"ஏதாவது முடியலேன்னா சொல்லு. மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எனக்கென்னண்ணே, முடியும்."

ரயில் நகர்ந்தபோது என் கால்கள் தாமாகவே அதோடு கொஞ்ச தூரம் போயின. மெதுவாகத்தான் போனேன். பிளாட்பாரம் முடிகிற இடம் வரை போய்த் திரும்பி வந்தேன். ரயிலுக்குள் இருந்துகொண்டு ஊர் சின்னதாவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், வெளியே நின்று கடைசிப் பெட்டி சின்னதாவதைப் பார்ப்பது இது முதல் தடவை.

வெளியே போக மேம்பாலம் ஏற வேண்டும். சாமி லிஃப்டைத் தேடிப் போனார். நான் படியிலேயே ஏறினேன், பழக்கம். நான்கைந்து படியில் ஒன்றும் இல்லை. பாதி தூரத்தில் நனைந்த சாக்கு மெல்ல வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஆட்கள் பெட்டியோடு ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தார்கள். என் கை பாக்கெட்டில் பீடியைத் தேடியது. பீடி இல்லை, மாத்திரைக் குப்பி இருந்தது. இன்னும் கொஞ்சம் படிதானே, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவள் இரண்டு படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"பிள்ளே" என்றேன்.

திரும்பினாள்.

"வருது."

அவள் இறங்கி வந்து, நடுப்படியிலேயே என்னை உட்கார வைத்து, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். சுள்ளென்று இருந்தது. ஏறி வந்த ஒருவர், "சேட்டா, வழியில இருக்காதே" என்றார்.

"சுத்திப் போவும்" என்றாள் என் மனைவி, பழவங்காடிக் குரலில். "இவரு இப்பந்தான் உட்காரப் படிக்காரு."